நீ முழுகாத தண்ணீர்

இன்று காலை நான் அரிசி மில்லுக்குள் நுழையும்போதே ஊறல் தொட்டியைத் திறந்துவிட்டிருந்தார்கள். ஊறிய நெல்லின் அந்தப் புளித்த வாடை புதுவயல் ஊரில் யாருக்கும் புதிதில்லை. எனக்கு மட்டும் கொஞ்ச நாளாக அது தொண்டையிலேயே நிற்கிறது. களத்தில் உன் வரிசையில் இப்போது ஒரு புதுப்பெண் நெல் துழாவுகிறாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசமாட்டாள். பேசினாலும் எனக்குப் பிடிக்காது, அதை விடு.

பதினெட்டு வருஷம் நாம் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து வரிசை. உறவு ஒன்றும் கிடையாது. ஒக்கூரிலிருந்து பிழைக்க வந்தவள் நீ, முதல் நாளே என்னை மதினி என்று கூப்பிட்டுவிட்டாய். சூடேறிய தரையில் வெறுங்காலால் நெல்லைக் கிளறிக்கொண்டே நாம் பேசாத பேச்சில்லை. உன் வீட்டுக்காரர் தவறிப்போன பிறகு, தெருக்கோடியில் இருக்கும் தகரக் கொட்டகைச் சபைக்கு நீ போக ஆரம்பித்தாய். உன்னை அதிகம் கேலி செய்தவள் நான்தான். அல்லேலூயா வந்துவிட்டாள், வழிவிடுங்கள் என்பேன். நீயும் சேர்ந்து சிரிப்பாய்.

ஒரு நாள் மத்தியானம் சோற்றுவாளியைத் திறக்காமல் என் முன்னால் வந்து உட்கார்ந்தாய். ஞானஸ்நானம் எடுக்கப்போவதாகச் சொன்னாய். அதற்கு முன்னால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும் என்றாய். சிங்கம்புணரியிலிருந்து என் மகளுக்கு வந்த சம்பந்தம் காரணம் சொல்லாமல் நின்றுபோனதே, அந்த வீட்டார் விசாரித்தபோது பெண்ணுக்கு வலிப்பு உண்டு என்று சொன்னது நீதானாம். உன் மகளுக்கு எதுவும் அமையாத எரிச்சலில் வாயில் வந்துவிட்டதாம்.

என் மகள் காரைக்குடியில் அதைவிட நல்ல இடத்தில்தான் வாழ்கிறாள். ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்குத் தெரியாமலே போயிருக்குமே, இதை இப்போது எதற்குச் சொல்கிறாய் என்று கேட்டேன்.

"அழுதா மட்டும் அது மனந்திரும்புறது இல்லையாம் மதினி. போன வழியிலயே திரும்பி வரணுமாம். வந்துட்டேன். நீங்க ஒரு வார்த்தை சொன்னீகன்னா போதும்" என்றாய்.

நான் சொல்லவில்லை. எழுந்து போய்க் கையைக் கழுவினேன்.

சபையில் முழுக்குக் கொடுக்கத் தொட்டி கிடையாது. அந்த வருஷம் கண்மாயும் காய்ந்து கிடந்தது. முதலாளி நல்ல மனுஷர், மில் ஓடாத ஞாயிற்றுக்கிழமையில் ஓர் ஊறல் தொட்டியை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். நீயே உள்ளே இறங்கித் தேங்காய் நார் போட்டு மூன்று தடவை தேய்த்தாயாம். அன்றைக்குக் களத்தில் கிடந்த நெல்லைக் கூட்ட நான் வந்திருந்தேன். தொட்டியைச் சுற்றிப் பாஸ்டரும் பத்துப் பன்னிரண்டு பேரும் பாடிக்கொண்டு நின்றார்கள். நீ வெள்ளைச் சேலையோடு அவர்களை விட்டுவிட்டுக் களத்தைத் தாண்டி என்னிடம் வந்தாய்.

"மதினி, ஒரு வார்த்தை."

"நெல்ல மிதிக்காத. தள்ளி நில்லு" என்றேன்.

நீ திரும்பிப் போனாய். ஆண்டவர் எப்போதோ மன்னித்துவிட்டார், இந்த முழுக்கு அதற்கு அடையாளம்தான், மற்றவர் வாய்ச்சொல்லுக்காக நிற்க வேண்டியதில்லை என்று பாஸ்டர் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். நீ கேட்கவில்லை.

"அரைகுறையா ஊறுன நெல்ல அவிச்சா அரிசிக்குள்ள வேகாம வெள்ளை நிக்கும்ல பாஸ்டர். மதினி மனசு ஆறட்டும். பெறகு முழுகுறேன்" என்றாய்.

தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். அது வாய்க்காலில் ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. நான் நெல்லைக் கூட்டிக்கொண்டே இருந்தேன்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். என் கோபம் பத்து நாள்கூட நிற்கவில்லை. அதற்குப் பிறகு என்னிடம் இருந்தது வேறு. தினமும் காலையில் நீ வந்ததும் முதலில் என் முகத்தைப் பார்ப்பாய், இன்றைக்குச் சொல்லுவேனா என்று. அது எனக்கு ருசியாக இருந்தது. தை போகட்டும் என்றேன். பங்குனித் திருவிழா போகட்டும் என்றேன். இன்னும் கொஞ்சம் தவிக்கட்டும், எங்கே போய்விடப் போகிறாள் என்று நினைத்தேன். பாவி, அப்படியே நினைத்தேன்.

ஆடியில் உனக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் நீ இல்லை.

ஒக்கூரிலிருந்து உன் கொழுந்தன்மார் வந்தார்கள். பாஸ்டர் வாசலில் நின்று, சபைக் கல்லறையில் அடக்கம் செய்ய வேண்டும் என்பது உன் ஆசை என்று அவர்களிடம் சொன்னார். முழுக்கு வாங்கியிருக்கிறாளா என்று அவர்கள் கேட்டார்கள். அவரால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. உன் நெற்றி நிறையத் திருநீற்றைப் பூசித் தூக்கிக்கொண்டு போனார்கள். திருநீற்றில் என்ன குறை, நானும் தினமும் பூசுகிறவள்தான். ஆனால் நாலு வருஷமாக நீ பூசவில்லை. இது யாரால் என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். மற்ற பெண்களோடு சேர்ந்து மார்பில் அடித்துக்கொண்டேன். வாயைத் திறக்கவில்லை.

போன வாரம் பாஸ்டரைப் போய்ப் பார்த்தேன். முழுகாமல் போய்விட்டாளே, உங்கள் சாமி அவளைச் சேர்த்துக்கொள்ளுமா என்று கேட்டேன்.

"சிலுவையில பக்கத்துல தொங்குன கள்ளனுக்கு யாரும்மா முழுக்குக் குடுத்தா? மனசு திரும்புச்சு, அன்னைக்கே சேத்துக்கிட்டாரு. அவுகளப் பத்தி நீங்க பயப்பட வேணாம்" என்றார்.

அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். கடைசியில், இதை அப்படியே ஆண்டவரிடம் சொல்லுங்கள், அவர் மன்னிப்பார் என்றார்.

மன்னிப்பார்தான். நீயும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாய். நீ தப்புச் செய்தாய், நடந்து வந்து என் முகத்துக்கு நேராகச் சொன்னாய். உனக்கு வந்து கேட்க நானாவது இருந்தேன். 'சரி, விடு ஆத்தா' என்று அன்றைக்குச் சொல்லாத வார்த்தையை இப்போது களத்தில் நடக்கும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சாமியிடமும் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஆனால் நான் காக்கவைத்தது அவரையா? உன்னையல்லவா.