நூற்று முப்பத்தொரு ஆட்டம்

ஆகஸ்ட் 14, ஞாயிறு

கண்ணாடி அளவு குறிக்கிற புத்தகத்தின் பின்பக்கம் இது. முன்பக்கம் வேலை, பின்பக்கம் நான்.

மெல்டனில் ஒரு பேக்கரி ஜன்னல். எவனோ கல்லை விட்டிருக்கிறான். மாட்டி முடித்து நான் கால்பந்து மைதானத்துக்குப் போவதற்குள் முதல் கால்பகுதி முடிந்துவிட்டது. ரோரி நன்றாக ஆடினான். கறி அடைத்த மீட் பை தின்றுகொண்டே பார்த்தேன்.

சாயங்காலம் லின்டன் கோட்ஸ் என்பவர் வீட்டுக்கு வந்தார். ரோரியைப் பெற்ற டேல் ஆடிய பெரிய கிளப்புக்கு ஆள் பொறுக்குவது அவர் உத்தியோகம். ரோஸ் டீ போட்டாள். தெரிந்த விஷயத்தையே அவர் வாயால் இன்னொரு முறை கேட்டோம். நவம்பரில் கிளப்புகள் முறை போட்டு இளம் ஆட்டக்காரர்களை எடுக்கும் தேர்வில், அப்பா ஒரு கிளப்புக்கு நூறு ஆட்டம் ஆடியிருந்தால் மகனை எடுக்க அந்தக் கிளப்புக்குத்தான் முதல் உரிமை. டேல் ஹன்னிகன் ஆடியது நூற்று முப்பத்தொன்று. ரோஸின் முதல் புருஷன், நான் இரண்டாவது. ரோரிக்கு நாலு வயதில் குவீன்ஸ்லாண்டுக்குப் போனவன். பிறந்தநாளுக்கு ஒரு அட்டை வரும், இரண்டு தடவை தேதியும் தப்பு.

“வேற டீம் என்னைக் கேட்டா?” என்றான் ரோரி.

“கேட்பாங்க. அவங்க கேட்கிற இடத்துக்கு ஈடா பின்னாடி எங்களுக்கு வர்ற தேர்வு முறைகளை விட்டுக்கொடுத்து உன்னை எடுத்துக்குவோம்.”

“விட்டுக்கொடுக்க மனசு வரலைன்னா?”

“ஹன்னிகன் பையனையா? நல்லா கேட்ட போ.”

ரோரி சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் பதினெட்டு கிளப்பில் எது வேண்டுமானாலும் அவனைத் தூக்கிக்கொண்டு போகலாம். பெர்த் என்றால் விமானத்தில் நாலு மணி நேரம். யோசித்துச் சொல்கிறேன் என்றான்.

ஆகஸ்ட் 17, புதன்

மழை. இரண்டு வேலை தள்ளிப்போயின. பையன் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 27, சனி

காலை ஆறுக்கு வேனைக் கிளப்பினோம். பயிற்சிக்குப் போக நாற்பது நிமிஷம். அவனுக்கு ஏழு வயதிலிருந்து இதே ரோடு, இதே ஆள். பின்னால் கண்ணாடி ஏற்றியிருந்தால் மெதுவாக ஓட்டுவேன், திட்டுவான். இன்று திட்டவில்லை.

ராக்பேங்க் தாண்டும்போது கேட்டான். “பிரென், நான் கையெழுத்துப் போடட்டுமா?”

“உனக்கு என்ன தோணுது?”

“நான் உன்னைக் கேட்டேன்.”

லாரி ஒன்றுக்கு வழி விட்டேன். பிறகு, யோசிக்கணும் என்று அவன் சொன்னதையே அவனுக்குத் திருப்பிச் சொன்னேன். மீதி ரோடு ரேடியோ.

என்ன சொல்வது? வேண்டாம் என்று சொல்ல ஆசை. தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் அது யாருக்காக? அவனுக்காகவா, எனக்காகவா? மூச்சிரைப்பு உள்ள ஆள் நான். பள்ளிக்கூடத்தில்கூட ஒரு ஆட்டம் ஆடியதில்லை. இவர்கள் கணக்கில் நான் பூஜ்யம்.

செப்டம்பர் 1, வியாழன்

ரோஸ் பாத்திரம் கழுவிக்கொண்டே பேசினாள். என் பக்கம் திரும்பவில்லை.

“டேல் பேரைச் சொல்லிக் கூப்பிடறாங்கன்னா எனக்கும்தான் பத்திக்கிட்டு வருது. ஆனா பெர்த் போனான்னா வருஷத்துக்கு நாலு தடவை பார்ப்பேனா? நான் போய் அவன் கால்ல கட்டை போட மாட்டேன். நீ சொல்லு. நீ சொன்னா கேட்பான்.”

“ம்.”

“ம்முன்னா என்ன அர்த்தம்?”

சொல்றேன் என்றேன்.

செப்டம்பர் 3, சனி

சொல்லிவிட்டேன். “போட்டுடு. வீட்டுப் பக்கத்துலயே இருப்ப. அவன் ஆடின ஆட்டம் உனக்கு உபயோகப்பட்டா படட்டுமே.”

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். “சரி” என்றான். சாயங்காலமே கையெழுத்துப் போட்டான். தாள் சமையலறை மேசையில் கிடந்தது. வீரர் பெயர். தந்தை பெயர். தந்தை ஆடிய ஆட்டங்கள். மூன்றே வரி. என் டீக்கோப்பையை அதன்மேல் வைக்கப் போனேன், வைக்கவில்லை.

அக்டோபர் 9, ஞாயிறு

டேல் வந்துவிட்டான். கிளப்பில் படம் எடுத்தார்கள். டேல் பழைய ஜெர்சியில் தோளில் கை போட்டு நிற்க, பக்கத்தில் ரோரி. ரோரியைக் கூட்டிக்கொண்டு போனது நான். உள்ளே வரச் சொன்னார்கள், வேனில் கண்ணாடி இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். வேன் காலி.

டேல் கெட்டவன் இல்லை. அதுதான் கஷ்டம். வாகன நிறுத்தத்துக்கே தேடிக்கொண்டு வந்தான். “என்ன தலைவா, இங்க உட்கார்ந்துட்ட? பையனை நல்லா வளர்த்திருக்கப்பா.”

கார் கழுவிக் கொடுத்தவனைப் பாராட்டுகிற மாதிரி இருந்தது. எனக்கு வலித்தது. இந்தப் புத்தகத்தில் மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

ரோரி அவனை முகத்துக்கு நேராக எப்படியும் கூப்பிடுவதில்லை. டேல் என்றும் இல்லை, அப்பா என்றும் இல்லை. “கொஞ்சம் இங்க பாருங்க” என்கிறான், கடைக்காரனிடம் பேசுவதுபோல்.

அக்டோபர் 10, திங்கள்

படம் பேப்பரில் வந்திருக்கிறது. கண்ணாடிக் கடையில் சுவரில் ஒட்டிவிட்டார்கள். “மூக்கு அப்படியே டேல்தான், என்ன பிரென்?” ஆமாம், மூக்கு டேல்தான்.

நவம்பர் 29, செவ்வாய்

நேற்றுத்தான் கிளப்புகள் ஆள் எடுக்கும் தேர்வு. டிவிக்காரர்கள் எங்கள் கூடத்தில் விளக்கு நட்டு வைத்தார்கள். சோபாவில் ரோஸ், ரோரி, டேல். நானும் உட்காரப் போனேன். கேமராப் பெண் தயங்கினாள். “சார், தப்பா எடுத்துக்காதீங்க, மூணு பேர்தான் படத்துக்குள்ள அடங்கறாங்க.” சின்னப் பெண், பாவம், முகம் சிவந்துவிட்டது. ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். ஐஸ் எடுத்துக் கொடுக்க வசதி. ரோரி திரும்பிப் பார்த்தான். இருக்கட்டும் என்று கை காட்டினேன்.

ஒன்பதாவது தேர்வு பெர்த்காரர்களுடையது. ரோரி ஹன்னிகன் என்றார்கள். இனி நம் கிளப் ஈடு கொடுக்க வேண்டும். அதற்குச் சில நிமிஷம் உண்டு. டிவி மூலையில் கடிகாரம் ஓடியது.

“இதெல்லாம் சும்மா நாடகம்” என்றான் டேல். பழைய ஜெர்சியை மடியில் விரித்து வைத்திருந்தான். “கடைசி செகண்டுல பொத்தானை அமுக்குவாங்க பாரு.”

அமுக்கவில்லை. கிளப் ஈடு கொடுக்கவில்லை, ரோரி ஹன்னிகன் பெர்த்துக்கு என்று டிவியில் ஒருவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். ரோஸ் ரோரியின் கையைப் பிடித்தாள். டேல் ஜெர்சியை மடித்தான். இன்னும் சின்னதாக மடித்தான். விளக்கு அவன் முகத்திலேயே இருந்தது. நான்தான் போய் பிளக்கைப் பிடுங்கினேன்.

லின்டன் பிறகு போன் செய்தார். அத்தனை தேர்வுகளை விட்டுக்கொடுத்தால் தங்களுக்கு மிச்சம் எதுவும் இருக்காதாம். வருத்தமாம்.

எனக்குச் சந்தோஷமா? இல்லை. துக்கமா? அதுவும் இல்லை. காது அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது. இன்று ஒரு குளியலறைக் கண்ணாடிக்கு அளவெடுத்தேன். மூன்று முறை எடுத்தும் மூன்றும் வேறு வேறு.

டிசம்பர் 2, வெள்ளி

மூன்று நாளாக ரோரி என்னோடு பேசவில்லை. இன்று விமான நிலையத்தில் ரோஸ் தண்ணீர் வாங்கப் போனபோது பேசினான்.

“நீ வேண்டாம்னு சொல்வேன்னு நினைச்சேன், பிரென். அன்னிக்கு வேன்ல. கேட்டுட்டு ரோடு முழுக்கக் காத்திருந்தேன்.”

“அம்மாவுக்குத்தான்டா... நீ பக்கத்துல இருந்தா...”

“அம்மா கேட்டிருந்தா நானே போட்டிருப்பேன். நான் கேட்டது உன்னை. அவன் பிள்ளைன்னு எழுதிக் கொடுன்னு நீயே சொல்லிட்ட. அவங்களுக்கும் நான் வேணாம்னு ஊருக்கே காட்டிட்டாங்க.”

அதற்குள் ரோஸ் வந்துவிட்டாள். அவளைக் கட்டிக்கொண்டான். எனக்குக் கை கொடுத்தான். பெரிய கை. கதவுக்குள் போனான்.

டிசம்பர் 3, சனி

ஐந்தரைக்கு எழுந்துவிட்டேன். எங்கும் போக வேண்டியதில்லை.

டிசம்பர் 25, ஞாயிறு

ரோரி அம்மாவுக்குப் போன் செய்தான். இறால் சுட்டார்களாம், வெயில் நாற்பதாம். ரோஸ் சிரித்துச் சிரித்துப் பேசினாள். வைத்ததும், “உன்னை விசாரிச்சான்” என்றாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது.

டேல் குவீன்ஸ்லாண்டுக்கே திரும்பிவிட்டதாகக் கேள்வி.

ஜனவரி 14, சனி

என்னதான் பண்ணிட்டேன் நான்? ஒரு வார்த்தை. வேண்டாம்டா, நீ என் பையன்டா, எங்க வேணா போ, அவன் பேர்ல மட்டும் போகாதன்னு ஒரு வார்த்தை. பெருந்தன்மையாம். மண்ணாங்கட்டி. பயம். எனக்கு என்ன பாத்தியதைன்னு யாராவது கேட்டுடுவாங்களோன்னு பயம். யாரும் கேட்கலையே, நானே கேட்டுக்கிட்டேன். பையன் கேட்டது வேற.

போன் பண்ணலாம். நம்பர் இருக்கு. எடுத்துப் பார்த்துட்டு வெச்சுட்டேன் - நாலு தடவை.

ஜனவரி 15, ஞாயிறு

நேற்று எழுதியதைக் கிழிக்கலாம் என்று பார்த்தேன். முன்பக்கத்தில் ஒரு வாடிக்கையாளரின் அளவு இருக்கிறது. கிழிக்கவில்லை.

பிப்ரவரி 18, சனி

மூன்றரை மணிக்கு வேலையில் இருந்தேன். ஏணி மேல், வாயில் ஆணி. போன் அடித்தது, பெர்த் நம்பர். அவனில்லை, ஒரு பெண் குரல்.

“ரோரியோட அப்பாகிட்ட பேசணும். நான் டீம் டாக்டர் பேசறேன்.”

இறங்கினேன். வாயிலிருந்த ஆணியை எடுத்தேன்.

“பேசறேன்.”

“பயப்பட ஒண்ணுமில்லை. பயிற்சி ஆட்டத்துல காலர் எலும்பு உடைஞ்சிருக்கு, ஆபரேஷன் பண்ணணும். வலிக்கு மருந்து கொடுத்ததுல தூக்கக் கலக்கமா இருக்கான், சரியாச் சொல்ல முடியலை. ஏதாவது மருந்து அவனுக்கு ஒத்துக்காதா?”

“பென்சிலின். ஆறு வயசுல ஒரு தடவை உடம்பு பூரா தடிச்சுடுச்சு.”

“இதுக்கு முன்னாடி மயக்க மருந்து கொடுத்திருக்காங்களா?”

“ரெண்டு தடவை. ஒன்பது வயசுல இடது மணிக்கட்டு. பன்னிரண்டுல குடல்வால். ரெண்டாவது தடவை முழிச்சதும் வாந்தி எடுத்தான். பக்கத்துல பாத்திரம் வெச்சுக்கச் சொல்லுங்க.”

எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, “இந்த நம்பர் மாறலையே? அவசரத்துக்கு யாரைக் கூப்பிடணும்னு டிசம்பர் ரெண்டு, வந்து இறங்கின அன்னிக்கே எழுதிக் கொடுத்திருக்கான். பிரென்டன், அப்பான்னு போட்டிருக்கு. வேற யார் பேரும் இல்லை.”

“மாறலை” என்றேன்.

ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்தேன். அந்த வீட்டுக்காரர் வந்து என்ன ஆச்சு, கண்ணாடி உடைஞ்சுடுச்சா என்றார். இல்லை, மகனுக்கு அடிபட்டிருக்கிறது என்றேன். நாளைக் காலை ஏழு மணி விமானத்தில் இரண்டு சீட் போட்டாயிற்று.