இரண்டு கைத் தொப்பி

கிண்ணியா
04.03.2024

அன்புத் தங்கச்சி ஞானமணிக்கு,

நீ பஸ்ஸில் கொடுத்துவிட்ட பனையோலை அரைத் தொப்பிகள் கிடைத்தன. தலைப்பகுதியை என்ன நெருக்கமாகப் பின்னியிருக்கிறாய்! தண்ணீர் ஊற்றினாலும் ஒழுகாது போல.

ஒரு சேதி. பெருநாள் முடிந்ததும் நான் கொழும்புக்கு, மகள் ஹுஸ்னியாவோடு இருக்கப் போகிறேன். இதுவரை நான் பின்னிய விளிம்பையும் இனி நீயே பின்ன வேண்டும். விளிம்புக்கு வந்ததும் விரலைத் தளர்த்து. ஓலையை இழுக்காதே, படுக்கவிடு. ஒரு முழுத் தொப்பி பின்னி அனுப்பு. பார்த்தால்தான் நிம்மதியாகப் போவேன்.

றம்ஸியா ராத்தா

சம்பூர்
17.03.2024

அன்புள்ள ராத்தா,

தொப்பி அனுப்பியிருக்கிறேன். பார்த்துச் சிரிக்காதீங்கள். விளிம்பு சிரட்டை மாதிரி வளைகிறது. எனக்கு ஏலாது.

திமிங்கிலம் பார்க்க ஆட்களை ஏற்றிப்போகும் வள்ளத்தில் வேலை செய்யும் வினோதன் சொன்னான்: "அக்கா, கடல் காத்துக்கு எல்லாற்ற தொப்பியும் மடங்கி முகத்தில அடிக்குது. உங்கடது மட்டும் அப்பிடியே நிக்குது." அது உங்கள் கை, ராத்தா. நீங்கள் போனால், நம் தொப்பிகளை விற்கும் துறைமுகத்துக் கடைக்கு நான் அரைத் தொப்பியா கொடுப்பது? ஹுஸ்னியாவோடு ஒருக்கால் கதைத்துப் பாருங்கள்.

ஞானமணி

கிண்ணியா
24.03.2024

அடி கள்ளி,

நோன்பு திறந்த கையோடு உன் தொப்பியை மடியில் வைத்துப் பார்த்தேன். ஏலாதவள் பின்னினால் பிழை கண்டபடி கிடக்கும். நீ சுற்றிவர ஒரே அளவாக, வேண்டுமென்றே ஓலையை இழுத்திருக்கிறாய். இவ்வளவு ஒழுங்காகப் பிழைவிட எனக்கே வராது. இழுத்த இடங்களைத் தளர்த்தினேன், விளிம்பு தானாகப் படுத்துவிட்டது. கோபமாகவும் இருக்கிறது, பெருமையாகவும் இருக்கிறது.

போகவேண்டாம் என்றால் வாய் திறந்து சொல்லு. சொன்னாலும் போகத்தான் வேண்டும். ஹுஸ்னியா வேலைக்குப் போனால் குழந்தையைப் பார்க்க ஆளில்லை. ஆனாலும் சொல்லு.

ராத்தா

சம்பூர்
05.04.2024

என் ராத்தா,

போகாதீங்கள்.

சொல்லிவிட்டேன். இனிச் சந்தோசமாகப் போய்வாருங்கள். குழந்தைக்கு என் முத்தம்.

நேற்று இன்னொரு தொப்பி பின்னினேன், ஓலையை இழுக்காமல். விளிம்பு உங்களுடையது போலவே விழுந்தது. பழக்கதோசத்தில் அதைத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு கிண்ணியா பஸ்ஸுக்குப் போய் நின்றேன். கொண்டக்டர் கை நீட்டிய பிறகுதான், இந்தத் தொப்பியில் நீங்கள் செய்வதற்கு ஒன்றுமே மிச்சமில்லை என்று உறைத்தது. பஸ்ஸை அனுப்பிவிட்டு அங்கேயே நின்று அழுதேன்.

உங்கள்
ஞானமணி