எந்த வீடு கனவு

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நான் நலம். உங்கள் அம்மாவும் நலம். இந்த இரண்டையும் மரியாதைக்காக முதலில் எழுதிவிட்டேன். இனி வருவதில் மரியாதை கொஞ்சம் குறைந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனில் கேட்டால், "ஷாட் ரெடி, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் வைத்துவிட முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் படம் இங்கே வந்துவிட்டது. சுவரொட்டியில் கதாநாயகன் முகம், இரண்டு நடிகைகளின் முகம், அடியில் எறும்பு எழுத்தில் கலை இயக்கம் என்று உங்கள் பெயர். மூக்கு சுவரில் இடிக்கிற அளவுக்குக் கிட்டே போய்ப் படித்தேன். பின்னால் நின்றவர் வழிவிடச் சொன்னார். நகரவில்லை. என் புருஷன் பெயர், நான் எத்தனை நேரம் வேண்டுமானாலும் படிப்பேன். அந்தப் பெருமை இடைவேளை வரைகூடத் தாங்கவில்லை என்பதுதான் கதை.

முதலில் ஜனங்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்களே, அதைச் சொல்லிவிடுகிறேன். கதாநாயகன் ஒரு வீட்டில் மனைவி பக்கத்தில் தூங்குகிறான், வேறொரு வீட்டில் வேறொருத்தி பக்கத்தில் கண் விழிக்கிறான். அங்கே தூங்கினால் இங்கே விழிக்கிறான். எது கனவு, எது நிஜம் என்று கடைசிவரை சொல்லவில்லை. முடிவில் ஒரு கதவைத் தட்டுகிறான், யார் திறக்கிறார்கள் என்று பார்ப்பதற்குள் அரங்கில் விளக்கைப் போட்டுவிட்டார்கள். முன்வரிசை கைதட்டியது, பின்வரிசை ஊளையிட்டது. ஒருவர் டிக்கெட் கொடுக்கிற ஜன்னலுக்கே போய், மீதிப் படத்தை எப்போது போடுவீர்கள் என்று கேட்டார். அவர் கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே கேட்டார்.

எங்கள் ஆஸ்பத்திரிப் பல் டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நோயாளியின் வாயைத் திறக்க வைத்து, உள்ளே கருவியையும் வைத்துவிட்டு, மனைவி இருக்கிற வீடுதான் கனவு என்று ஆரம்பித்துவிட்டார். அவ்வளவு அனுசரணையாக எந்த மனைவியும் இருக்க மாட்டாள், அதுவே ஆதாரமாம். நான் பக்கத்தில் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நாற்காலியில் இருந்தவருக்கு அது பொறுக்கவில்லை. "ஆ... ஆ..." என்று கையை ஆட்டி மறுக்கிறார். டாக்டரோ அதை ஆமோதிப்பதாக எடுத்துக்கொண்டு மேலே மேலே பேசுகிறார். கருவியை எடுத்ததும் அந்த மனிதர் வாய்கூடக் கொப்பளிக்காமல் சண்டைக்கு வந்துவிட்டார்.

மாடி வீட்டில் இன்னும் மோசம். அந்த வீட்டுக்காரர் இரண்டாவது வீடுதான் நிஜம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து மேலே பாத்திரம் வைக்கிற சத்தம் கீழே வரை கேட்கிறது.

உங்கள் அம்மா பாதிப் படம் தூங்கினார். வெளியே வந்ததும், படம் நல்லாத்தான் இருந்துச்சு, கடைசியில அவன் வீட்டுக்கு வந்து, கை கால் கழுவிட்டு, அம்மா பக்கத்துல உக்காந்து சாப்பிட்டானே, அதுதான் நிறைவா இருந்துச்சு என்றார். அப்படி ஒரு காட்சியே கிடையாது, அந்தக் கதாநாயகனுக்கு அம்மாவே கிடையாது. எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. நீ கவனிச்சுப் பாக்கல என்கிறார். தூங்கும்போது அவர் என்ன கனவு கண்டார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்தக் கனவாவது எனக்கு வந்திருக்கலாம்.

இனி என் வழக்கு. முதல் வீடு நம் வீடு. உடைந்த மூலை ஓடு, மூடினால் மறுபடி திறந்துகொள்ளும் அலமாரிக் கதவு, எண்ணெய்க் கறை படிந்த சுவர் எல்லாம் அப்படியே. போன தடவை நீங்கள் வந்துபோன பிறகு என் நீளக் கரண்டி காணாமல் போய், அநியாயமாக மாடி வீட்டு அம்மாள் மீது சந்தேகப்பட்டேன். அது திரையில் இவ்வளவு பெரிதாகத் தொங்குகிறது. சரி, அது போகட்டும். அந்த இரண்டாவது வீடு யாருடையது?

கற்பனை என்று என்னிடம் சொல்லாதீர்கள். பார்க்காத வீட்டைக் கட்ட உங்களுக்கு வராது. எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க முதன்முதலில் வந்தபோதே, என்னைப் பார்க்காமல் ஜன்னலைச் சாண் போட்டு அளந்தவர் நீங்கள். என் அப்பாவின் குளியலறையை நீங்கள் டேப் வைத்து அளந்துகொண்டிருக்க, அவர் வெளியே நின்று இருமிக்கொண்டிருந்த கதை இன்னும் எங்கள் சொந்தத்தில் ஓடுகிறது. ஆள் வாழ்ந்து தேய்ந்த வீடாக இருந்தால்தான் உங்களுக்குக் கை ஓடும். அந்த இரண்டாவது வீட்டில் சுவிட்சுக்கு மேல் டேப் ஒட்டியிருக்கிறது. குழாயின் திருகு போய், இடுக்கியால் திறக்கிறார்கள். ஜன்னல் திரை விலகாமல் இருக்கத் துணி கிளிப் போட்டிருக்கிறது. கதவின் பின்னால் ஒரு பச்சைச் சால்வை. அலமாரி விளிம்பில் வரிசையாகக் கொண்டை ஊசி.

யாருடைய கொண்டை ஊசி அது? ஊரெல்லாம் எந்த வீடு கனவு என்று மண்டையை உடைத்துக்கொள்கிறது. இரண்டுமே நிஜம் என்று தெரிந்த ஒரே ஆள் அந்த அரங்கில் நான்தான். எனக்கு வயிறு எரிகிறது. பூசி மெழுகாமல் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
முதல் வீட்டில் இருப்பவள்


அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் பதில் வந்தது. ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை. டைரக்டர் கேட்டார், கட்டினேன், வீணாக மனதைக் குழப்பிக்கொள்ளாதே, அம்மாவுக்கு மாத்திரை தவறாமல் கொடு, அவ்வளவுதான். மாத்திரை தவறவில்லை. மனதைக் குழப்பியது நான் இல்லை, உங்கள் படம்.

மறுபடியும் போனேன். ஒருமுறை தனியாக, ஒருமுறை உங்கள் தங்கையோடு. கணக்கு கேட்காதீர்கள், என் சம்பளத்தில் போனேன். மற்றவர்கள் எல்லாம் கதாநாயகனைப் பார்க்க, நான் அவன் முதுகுக்குப் பின்னால் இருக்கிற சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளைப் பற்றி ஏதாவது துப்பு கிடைக்காதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் எப்படிப்பட்டவள், நன்றாகச் சமைப்பாளா, என்னைவிட நிறமா என்றெல்லாம் ஒரு சுவரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

இதற்குள் ஊரில் புதுச் சண்டை. அந்த இரண்டாவது வீட்டுக்காரி குளியலறையில் பொட்டு வைக்கும்போது, குதிகாலைத் தூக்கி, எம்பி எம்பிக் கண்ணாடி பார்க்கிறாளே, அதைப் பற்றி. டாக்டர் கட்சி மாறிவிட்டார். கனவில்தான் நமக்கு எதுவும் எட்டாது, அதனால் அந்த வீடுதான் கனவு என்று நோயாளிகளுக்கு விளக்கிக்கொண்டிருக்கிறார். எங்கள் ஆஸ்பத்திரி வரவேற்பில் இருக்கிற பெண்ணோ, அவளுக்குத் தன் முகத்தைப் பார்க்கவே பயம், அதைத்தான் டைரக்டர் அப்படிக் காட்டுகிறார் என்கிறாள். பத்திரிகையில்கூட அந்தக் குதிகாலைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தார்கள். மாடி வீட்டு அம்மாள் மட்டும், காலில் முள் குத்தியிருக்கும் என்று முடித்துவிட்டார்.

உங்கள் தங்கை அந்தக் காட்சி வந்ததும் களுக்கென்று சிரித்தாள். என்னடி என்றேன். "அண்ணன் தன் மூஞ்சி தெரியற மாதிரி கண்ணாடிய மாட்டிக்கிச்சு, பாவம் அந்தப் பொண்ணு தவிக்குது" என்றாள். சொல்லிவிட்டு அவள் படத்துக்குத் திரும்பிவிட்டாள். எனக்கு அதற்குப் பிறகு படம் ஓடவில்லை.

உண்மைதான். யாரும் நெற்றியைச் சுருக்கி ஆராய வேண்டியதில்லை. நீங்கள் அந்த வீட்டை அங்குலம் பிசகாமல் அளந்து கட்டியிருக்கிறீர்கள். கண்ணாடி அங்கே எந்த உயரத்தில் இருந்ததோ அதே உயரத்தில் மாட்டிவிட்டீர்கள். நடிகை குள்ளம் என்பது உங்கள் கணக்கில் வரவே இல்லை. பார்ப்பவர்கள் அதைத் தத்துவம் ஆக்கிவிட்டார்கள். நீங்களும் வாயை மூடிக்கொண்டு பாராட்டை வாங்கிக்கொண்டிருப்பீர்கள், எனக்குத் தெரியாதா?

அப்புறம் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அந்தப் பச்சைச் சால்வையில் கடை மடிப்பு இன்னும் கலையவில்லை. கொண்டை ஊசிகள் எல்லாம் ஒரே அட்டையிலிருந்து பிய்த்த புது ஊசிகள், ஒன்றுகூட வளையவில்லை. அவளுடையது என்று இருப்பதெல்லாம் புதுசு. மற்றது எல்லாம் பழசு. அலமாரியின் மேல்தட்டுதான் தேய்ந்திருக்கிறது, கீழ்த்தட்டில் கை பட்ட அடையாளமே இல்லை. கண்ணாடிக்குக் கீழே ஒரு டம்ளர், அதில் ஒரே ஒரு பல் துலக்கும் பிரஷ். அதன் நார்கள் ஒரு பக்கமாகப் படுத்துக் கிடக்கின்றன. தினமும் ஊர்ப் பல்லைப் பார்க்கிறவள் நான். பாத்திரம் தேய்க்கிற மாதிரி இடது பக்கமே தேய்க்காதீர்கள் என்று எத்தனை தரம் உங்களிடம் சண்டை போட்டிருக்கிறேன்! திரையில் அந்தப் பிரஷைப் பார்த்ததும் எனக்கு உங்கள் முகத்தையே பார்த்த மாதிரி இருந்தது.

ஆக, அங்கே யாரும் இல்லை. அது உங்கள் வீடு. நீங்கள் தனியாக இருக்கிற வீடு.

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும், இல்லையா? வரவில்லை. கம்பெனி கொடுத்த அறையில் நாலு பேரோடு படுத்திருக்கிறேன், உன்னை எங்கே தங்க வைப்பேன் என்றீர்கள். ஒவ்வொரு முறை நான் வருகிறேன் என்றபோதும் அந்த நாலு பேர் குறுக்கே வந்தார்கள். ஒருவர் குறட்டை விடுவார் என்றீர்கள், ஒருவருக்கு எப்போதும் இருமல் என்றீர்கள். அவருக்காக நான் இருமல் மருந்துகூட வாங்கி அனுப்பினேன். யார் குடித்தது அதை?

உங்களிடம் ஒரு வீடு இருந்திருக்கிறது. குழாய் கெட்டு, சுவிட்சு உடைந்து, திரைக்குக் கிளிப் போடுகிற அளவுக்கு அதில் நெடுநாள் இருந்திருக்கிறீர்கள். ஒரு பெண் இருந்திருந்தால் நான் வந்து, அவள் முடியைப் பிடித்து நாலு வார்த்தை கேட்டிருப்பேன். எனக்குச் சண்டை போடத் தெரியும். ஒரு வீட்டோடு எப்படிச் சண்டை போடுவது? அந்த ஜன்னல் மீது, அந்த நாற்காலி மீது, நீங்கள் ஈரத்துண்டைப் போடுகிற அந்தக் கதவு மீது எனக்குப் பொறாமையாக இருக்கிறது. அவையெல்லாம் உங்களைத் தினமும் பார்க்கின்றன. எந்தப் பெண்ணிடமும் எனக்கு இவ்வளவு பொறாமை வந்திருக்காது.

நீங்கள் கெட்டவர் இல்லை. ஒழுங்காகப் பணம் அனுப்புகிறீர்கள், அம்மாவை விசாரிக்கிறீர்கள். ஒருவேளை அங்கே அமைதியாக இருக்கிறதோ என்னவோ. யாரும் எதுவும் கேட்காத ஓர் இடம் உங்களுக்குத் தேவைப்பட்டிருக்கலாம். அதைச் சொல்லியிருந்தால் நான் கத்தியிருப்பேன், பிறகு அழுதிருப்பேன், பிறகு ஒரு தினுசாக ஒப்புக்கொண்டிருப்பேன். சொல்லாமல் படமாக எடுத்து, ஊரெல்லாம் பார்த்து வாதாடும்படி விட்டுவிட்டீர்களே!

டாக்டரிடம் லீவு கேட்டுவிட்டேன். அம்மாவைத் தங்கை பார்த்துக்கொள்வாள். அம்மாவிடம் நீங்கள்தான் என்னைக் கூப்பிட்டதாகச் சொல்லியிருக்கிறேன். அவர் முகத்தில் எவ்வளவு சந்தோஷம்! இந்தக் கடிதத்தையும் கம்பெனி விலாசத்துக்குத்தான் அனுப்புகிறேன், வேறு விலாசம் எனக்குத் தெரியாது. அந்த வீட்டு விலாசத்தை எழுதி அனுப்புங்கள். கிடைத்த மறுநாளே கிளம்பிவிடுவேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் வருவதற்குள் அந்தக் குளியலறைக் கண்ணாடியைக் கழற்றி, என் முகம் தெரிகிற மாதிரி இறக்கி மாட்டி வையுங்கள். அதற்கு டேப் எடுக்க வேண்டியதில்லை, நான் உங்களுக்கு எதுவரை வருவேன் என்று உங்கள் தோளுக்குத் தெரியும். மறந்து போயிருந்தால், என் உயரம் என்ன என்று மட்டும் எழுதிக் கேட்டுவிடாதீர்கள். கண்ணாடியை அப்படியே விட்டுவிடுங்கள். நான் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நன்றாக இருங்கள்.

விலாசத்துக்குக் காத்திருக்கும்,
உங்கள் மனைவி