முறுக்கி வைத்த தக்காளி

எட்டுத் திக்கும் புகழ் மணக்க, இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் தலைநிமிரும் என் அருமை மருமகளுக்கு, சோம்பேறிகளின் சக்கரவர்த்தியும், இந்த ஊரின் பாதி வாய்களுக்குப் பல்செட் செய்து கொடுத்த வள்ளலும், உன் அம்மாவின் ஒரே தம்பியுமாகிய மாமா ஆசிகளோடு எழுதுவது.

இங்கு யாவரும் நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். அந்த வரிக்கு மட்டும் பேனா எழுத மாட்டேன் என்கிறது. அது கிடக்கட்டும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். உன் அம்மாவின் போன் அவள் தலையணைக்கு அடியில் இருக்கிறது. தெருமுனை வரை போய் என் போனிலிருந்து உன்னைக் கூப்பிட்டுப் பார்த்தேன். நடுவுல இருக்கேன் மாமா, அப்புறம் பேசறேன் என்று செய்தி வந்தது. அப்புறம் நீ பேசியது அவளிடம். அப்படியே நான் பேசினாலும் நீ நம்பப் போவதில்லை. என் தும்மலில் பக்கத்து வீட்டுக் கூரை பறந்தது என்று உனக்குச் சோறூட்டிய வாய் இது. ஆகையால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்: இந்தக் கடிதத்தில் எங்கே நான் ஜோடிக்கவில்லையோ, அந்த இடம் உனக்கே தெரியும்.

நீ அனுப்பிய தக்காளிக் கடிகாரத்திலிருந்து தொடங்குகிறேன். இடுப்பைப் பிடித்து முறுக்கினால் டிக் டிக் என்று ஓடி, நேரம் முடிந்ததும் தீயணைப்பு வண்டியே அறைக்குள் புகுந்ததுபோல அலறும் அந்தச் சிவப்புப் பிசாசு. இருபத்தைந்து நிமிடம் வேலை, ஐந்து நிமிடம் ஓய்வு. அது ஓடுகிற வரைக்கும் வீடே தீப்பிடித்தாலும் எழுந்திருக்கக் கூடாது, நடுவில் எழுந்தால் கவனம் போய்விடும், மறுபடி முதலிலிருந்து வரவேண்டும் என்று சட்டம் போட்டாய். அதுவரை என் பல்செட் வந்து சேர்வதற்குள் நோயாளிக்கு இன்னொரு பிறவியில் சொந்தப் பல்லே முளைத்துவிடும் என்று எனக்கு வேலை தரும் பல் டாக்டர் என்னைக் கரித்துக்கொட்டிக்கொண்டிருந்தார். தக்காளி வந்தது. நான் வேலை செய்த வேகத்தில் மேசையிலிருந்து புகை கிளம்பியது. ஊரில் பொக்கை வாயே இல்லாமல் போய், தொழில் நடக்க நாலு பேரை நானே தடுக்கி விழ வைக்கலாமா என்று யோசித்தேன்.

அந்த நேரத்தில்தான் உன் அம்மாவுக்கு அது வந்தது. மாமா பல் அளவெடுக்கிறான், வாய் மரத்துக் கிடக்கிறது, அதனால்தான் பேச்சு குழறுகிறது என்று உன்னிடம் சொன்னாளே, அது பல் இல்லை, பாப்பா. பக்கவாதம். வலது கை, வலது கால், பாதி வாய். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே இடது கையால் என் சட்டையைப் பிடித்து, நீ ஆய்வேட்டைக் கொடுத்து முடிக்கும்வரை மூச்சுவிடக் கூடாது என்று சத்தியம் வாங்கினாள். பல் கதையும் அவள் கட்டியதுதான். புளுகுவதில் இந்தக் குடும்பத்தில் நான்தான் பெரிய ஆள் என்று இத்தனை காலம் மார்தட்டிக்கொண்டிருந்தேனே!

கொஞ்சம் இரு. பக்கத்து அறையில் கிர்ர் என்று ஒரு சத்தம். பார்த்துவிட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். ஒன்றுமில்லை, கடிகாரத்தை முறுக்குகிறாள். அதைத்தான் சொல்ல வந்தேன்.

நான் பல்செட்டைத் தேய்த்து மெருகேற்றும் மோட்டார் ஓடினால் இடி விழுந்தாலும் எனக்குக் கேட்காது. அவளுக்கோ உரக்கக் கூப்பிட முடியாது. மோட்டாரையும் மிஞ்சி அலறுவது தக்காளி ஒன்றுதான். ஆகவே அதை அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து, இந்த வீட்டின் காலதேவதையே இனி நீதான் அக்கா என்று பட்டம் கட்டினேன். நீ முறுக்கு, அது அலறினால் ஓடி வருகிறேன். அவசரமென்றால் பூஜ்யம்வரை பின்னால் திருப்பிவிடு, உடனே அலறும் என்றேன். முதலில் அடிக்கடி அலறியது. என்ன வேணும்க்கா என்று ஓடினால், சும்மாத்தான்டா, உன் மூஞ்சியப் பாக்கலாம்னு என்பாள். இந்த மூஞ்சிக்கு எப்போதிலிருந்து இவ்வளவு கிராக்கி என்பேன். பாதி வாயால் சிரிப்பாள். தண்ணீர் கொடுப்பேன், புரட்டிப் படுக்கவைப்பேன், ஐந்து நிமிடத்தில் ஐம்பது பொய் சொல்லிவிட்டுத் திரும்புவேன்.

பிறகு ஒருநாள் பல் டாக்டர் நேரில் வந்து, வேலை முடியவில்லை என்று வாசலில் நின்று கத்தினார். வேற ஆளப் பாத்துக்கிறேன்யா என்றார். உன் அம்மாவின் அறைவரைக்கும் கேட்டிருக்கிறது.

அதற்குப் பிறகு என் வேலை பிரமாதமாக ஓடத் தொடங்கியது. தக்காளியின் ஒரே தவணையில் மேல்வரிசைப் பல் முழுக்க மெழுகில் உட்கார்ந்தது. ஆகா, தவத்தில் உட்கார்ந்த முனிவனுக்குக்கூட இப்படி ஒரு கவனம் வாய்க்குமா என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். தவணை நீண்டுகொண்டே போகிறது என்று இந்த மடையனின் மூளைக்கு எட்டவில்லை.

போன வாரம் அச்சுக்குப் பிளாஸ்டர் கலந்து ஊற்றிவிட்டு மோட்டாரில் உட்கார்ந்தேன். பிளாஸ்டர் இறுகும்போது சூடேறும், ஆற நேரமாகும். தற்செயலாகத் தொட்டேன். சில்லென்று கல்லாகக் கிடந்தது; அத்தனை நேரமாகியும் தக்காளி அலறவே இல்லை. மோட்டாரை நிறுத்தினேன். டிக் டிக் என்று கேட்டது. தரையிலிருந்து கேட்டது.

கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தாள். தானே தண்ணீர் எடுக்கப் போயிருக்கிறாள். கவிழ்ந்த தண்ணீரில் புடவை நனைந்து, கன்னம் தரையில் பட்டுக்கொண்டு. இடது கையில் தக்காளி. நான் பார்க்கும்போதே, முள் முடியப்போகிற இடத்துக்கு வர, தரையில் அழுத்தி, கிர்ர் என்று மறுபடி முறுக்கினாள். அலறாமல் இருப்பதற்காக.

ஏன்க்கா அடிக்க விடலை என்று கேட்டேன். நீ நடுவுல இருந்தியேடா, எழுப்பினா கவனம் போயிடும், மறுபடி முதல்ல இருந்து வரணும்னு பாப்பா சொல்லியிருக்கால்ல என்றாள்.

இதில் நான் எதையும் பெரிதாக்கவில்லை. எப்படிப் பெரிதாக்குவது என்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரி டாக்டர் வந்து பார்த்தார். இரண்டாவது முறை லேசாக வந்திருக்கிறது என்றார். கையை வேண்டியதற்கு மேல் நேரமெடுத்துக் கழுவினார். பொண்ணு எங்க இருக்காங்க என்று துண்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். தூரத்தில் என்றேன். பெரிய ஆய்வு, முடியப்போகிறது, அதுவரைக்கும் பொறுத்துக்கொள்ளலாமா என்று, என்னமோ பல்செட்டுக்குத் தவணை கேட்பதுபோல இளித்துக்கொண்டு கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. வரச் சொல்லிடுங்க என்றார்.

அப்போதிருந்து அவள் தக்காளியைக் கீழே வைப்பதில்லை. என்னிடம் தா என்றால் விரலை இறுக்கிக்கொள்கிறாள். நான் மோட்டாரைத் தொடுவதே இல்லை. வெறுமனே மேசையில் உட்கார்ந்து காது கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அவளோ நான் பல் செய்கிறேன் என்று நினைத்து முறுக்கிக்கொண்டே இருக்கிறாள். இந்தக் கடிதமும் அவள் முறுக்கிக் கொடுத்த நேரத்தில்தான் எழுதுகிறேன். அவளுக்குச் செய்த சத்தியத்தை அவள் தந்த நேரத்திலேயே உடைக்கிறேன். வேறு வழி தெரியவில்லை, பாப்பா.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீ வேலை செய்து களைத்து, ஐந்து நிமிடம் இளைப்பாற அம்மாவைக் கூப்பிடுகிறாய். அவள் அந்த ஐந்து நிமிடத்துக்காக நாளெல்லாம் இளைப்பாறுகிறாள். காலையிலிருந்து என்னோடுகூடப் பேச மாட்டாள்; நாக்கைச் சேர்த்து வைக்கிறாள். சாப்டியாடா, தூங்கினியாடா என்று உதட்டுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகுகிறாள். நீ போனை வைத்த பிறகு அவளுக்குக் கண் திறக்க முடிவதில்லை. முந்தாநாள், என்னம்மா இன்னிக்கு ரொம்பக் கம்மியா பேசறே என்று நீ கேட்டாயாம். கோபமா இருக்காளா பாப்பா என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

உன் படிப்பை நான் குறைத்து மதிப்பேனா? என் மருமகள் எழுதும் ஆய்வேட்டைப் பார்த்து உலகமே கைகட்டி நிற்கும் என்று பல் டாக்டரிடமே சொல்லி வைத்திருக்கிறேன். அது நடக்கும். நடுவில் எழுந்தாலும் நடக்கும். மறுபடி முதலிலிருந்து வந்தாலும் நடக்கும். அந்தச் சட்டத்தைப் போட்டவள் நீ. நீ சொன்னால்தான் இந்த வீட்டில் அது செல்லாது. நான் எத்தனை தடவை சொல்லியும் அவள் கேட்கவில்லை. புளுகன் சொல்லை யார் கேட்பார்கள்?

எழுந்து வா, கண்ணு. ஓடுவது ஓடட்டும், அப்படியே விட்டுவிட்டு வா. வந்து அவள் கையிலிருந்து அந்தத் தக்காளியை வாங்கிக்கொள். உன்னிடம் தருவாள்.

நூறாண்டு நீ நன்றாக இருக்க வேண்டும். மறுபடி முறுக்குகிறாள். போகிறேன்.

இப்படிக்கு,
இந்த ஒருமுறை மட்டும் நீ நம்ப வேண்டிய
உன் மாமா