லிஃப்டுக்கு நீ போட்ட கட்டைவிரல்

பேகம்பூர்,
திண்டுக்கல்.

அன்பு மகன் நிஹாலுக்கு அம்மாவின் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் நானும் அத்தாவும் சுகம், நீயும் மருமகள் ரஃபியாவும் அந்தக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க துஆ செய்கிறேன். வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் வேகத்தைக் கூட்டி வைத்துக் கேட்கிறாய், அதனால்தான் கடிதம். முழுசாகப் படி.

அத்தாவுக்குச் சளி விட்டது, சொன்னால் கேட்காமல் மறுபடி தயிர் சாப்பிடுகிறார். அது கிடக்கட்டும். நம் அபார்ட்மெண்டில் வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் லிஃப்டில் ஏறக் கூடாது என்று சங்கத்தில் தீர்மானம் போட்டுவிட்டார்கள். அவர்கள் ஏறுவதால்தான் லிஃப்ட் பழுதாகிறதாம். எட்டு வருஷமாக நம் வீட்டுக்கு வரும் வியாகுலம்மாளுக்கு மூட்டு தேய்ந்துபோனது உனக்குத் தெரியும். நாலு மாடி ஏறி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவள், கீழ் வீடாப் பாத்து வேற வேலை தேடிக்கிறேன்க்கா என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பார்க்கிங்கில் கூட்டம். லிஃப்ட் எல்லா வீட்டுக்கும் பொது, என் வீட்டுக்கு வருகிறவள் எதில் ஏற வேண்டும் என்று சொல்ல நீங்கள் யார் என்று எழுந்து கேட்டேன். செயலாளர் சனாவுல்லா, வீடு ஒங்க மகன் பேர்லதாம்மா இருக்கு, நீங்க பேச முடியாது, உக்காருங்க என்றார். உட்காரவில்லை. ஒங்க மகனே சம்மதிச்சுட்டாரே, இந்தா பாருங்க என்று போனை நீட்டினார். சங்க வாட்ஸ்அப் குழுவில் தீர்மானத்துக்குக் கீழே உன் பெயர், பக்கத்தில் கட்டைவிரல். அத்தனை பேர் முன்னால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை, நிஹால். பெருநாள் வாழ்த்துக்கும் அந்த விரல்தான், யாராவது மௌத்தாகிப் போன செய்திக்கும் அந்த விரல்தான், படித்துப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்?

மறுநாளிலிருந்து நானே கீழே போய் அவள் கையைப் பிடித்து லிஃப்டில் கூட்டி வருகிறேன். ஒருநாள் சனாவுல்லா மறித்தார். அப்ப நீங்க வந்து பாத்திரம் தேய்ங்க தம்பி, ஒங்கள லிஃப்டுலயே கூட்டிட்டுப் போறேன் என்றேன். நகர்ந்துவிட்டார். விதிமீறல் என்று நோட்டீஸ் பலகையில் உன் பெயரை ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டட்டும். ஊரோடு ஒத்து வாழணும் என்று அத்தா ஆரம்பித்தார், ஒரு நாள் படியேறி வந்துவிட்டுச் சொல்லுங்கள் என்றேன்.

அடுத்த மாதம் இதைச் சங்க விதியிலேயே சேர்க்க ஓட்டெடுப்பாம். வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்தால் அவர் சார்பில் பேசலாம், ஓட்டும் போடலாம் என்று இரண்டாவது மாடி சகாயசெல்வி விதிப் புத்தகத்தில் காட்டினாள். அவள் டைப் அடித்துத் தந்த தாள் இத்துடன் இருக்கிறது. அந்தச் சம்மதத்தை வாபஸ் வாங்குவதாகவும், எனக்கு அதிகாரம் தருவதாகவும் இரண்டு இடத்தில் நீ கையெழுத்துப் போட வேண்டும்.

குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும். தாளை மறக்காமல் உடனே அனுப்பு. கையெழுத்துப் போட மனமில்லை என்றால் அதையும் உன் கையால் எழுதி அனுப்பு, வியாகுலம்மாளை நாற்காலியில் உட்கார வைத்து நானே வாசித்துக் காட்டுகிறேன்.

உன் அம்மா,
நஸீரா