மச்சான், உன் இடத்துக்கு ஆள் எடுத்தேன்

என் உயிர் மச்சான் ஜவ்பருக்கு, உன்மீது ஸலாம் உண்டாகட்டும்.

நீ இறந்துபோன பிறகு உன் கபுறடியில் நின்று ஸலாம் சொன்னதோடு சரி, மனம்விட்டுக் கதைக்கவே இல்லை. இப்போது கதைக்காமல் இருக்க முடியவில்லை. மறுபடியும் தாழமுக்கம், மழையும் வெள்ளமும் வரும் என்று வானொலியில் சொல்கிறார்கள். குறிஞ்சிப்பிட்டிக் கரையில் படகுகளை எல்லாம் மேலே இழுத்துவிட்டோம்.

வெள்ளத்தில் அகப்பட்ட சனத்தை மீட்க ஊரில் ஒரு படகுக் குழு அமைக்கிறார்கள். கிராம சேவகரும் பள்ளிவாசல் நிர்வாகமும் சேர்ந்து என்னைத் தலைவனாக்கிவிட்டார்கள். "ஆக்கள நீங்களே தெரிவு செய்ங்க நஸார்" என்று சொன்னதும் உன் முகம்தான் எனக்கு நினைவில் வந்தது.

உன் வீட்டு டீவியில் நாம் பார்த்த அந்த விண்கப்பல் தொடர் ஞாபகம் இருக்கிறதா? அவர்கள் ஆங்கிலத்தில் பேசுவார்கள், கீழே சிங்கள எழுத்து ஓடும், நீ அதை வாசித்து எனக்குச் சொல்லிக்கொண்டே வருவாய். சண்டைக் காட்சி வந்தால் நீ தேத்தண்ணீர் ஊற்ற எழும்பிப் போய்விடுவாய். கெப்டன் தன் பெரிய அதிகாரிகளைப் பொறுக்குகிற இடம்தான் உனக்குப் பிடிக்கும்.

"கூடப் படிச்ச கூட்டாளி ஒத்தன் ஈக்கான், நல்ல கெட்டிக்காரன். அவன உட்டுட்டு, முகம் குடுத்துக் கதைக்காத ஒருத்திய ரெண்டாவது ஆளா எடுக்கிறானே, ஏன் மச்சான்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அவ இல்ல என்டு சொல்லுவா. அதுக்குத்தான்" என்றாய். "அங்க கரையும் இல்ல, உதவிக்கு வேற கப்பலும் இல்ல. கெப்டன் ஒரு பிழை விட்டா எல்லாரும் சாகணும்."

கெப்டனையே கட்டிலில் படு என்று கட்டளையிடும் அதிகாரம் அந்தக் கப்பலில் டாக்டருக்கு இருந்தது. அதையும் ரசித்துச் சொல்வாய். எதிரிக் கப்பலில் பிடிபட்ட ஒருவனைச் சுக்கானில் உட்கார வைத்த அன்று நான் பொறுமை கெட்டு எழும்பிவிட்டேன். இதெல்லாம் நாடகத்துக்குத்தான் சரி என்றேன். நீ சிரித்தாய். "யாரு கெட்டிக்காரன் என்டு அவன் பாக்கல்லடா. தன்கிட்ட என்ன குறை என்டு பாக்கிறான்."

என் குறையை நீ அறிவாய். அவசரம். இத்தனை வருடம் நம் மீன்பிடிப் படகின் முன்னால் நின்று "பொறு மச்சான்" என்று நீ சொன்னதால்தான் நாம் இருவரும் வீடு திரும்பினோம். சிறுநீரக நோய் உன்னைக் கட்டிலில் போட்ட பிறகும், அங்கிருந்து மையவாடிக்குக் கொண்டுபோய் அடக்கிய பிறகும், உன் இடத்துக்கு நான் யாரையும் எடுக்கவில்லை. என் தம்பி றியாஸ் உதவிக்கு வந்து நிற்பான். சொன்னதைச் செய்வான். கடல் நல்லதாக இருந்த நாட்களில் அது போதுமாக இருந்தது.

பிறகு, போன தாழமுக்கத்தோடு அந்த மழை வந்தது. எலுவன்குளத்துப் பக்கம் ஆறு பெருகி, தாழ்வாகக் கட்டிய சப்பாத்துப் பாலமும் வீதியும் தண்ணீருக்குள் போய்விட்டன. வயல் நடுவில் ஒரு நெல் களஞ்சியத்துக் கூரையில் சனம் ஏறி நிற்பதாகச் செய்தி. லொறியில் படகை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். மீட்டு வருகிற சனத்துக்கு இடம் வேண்டுமே, அதனால் நாங்கள் மூன்று பேருக்கு மேல் போக முடியாது. கரை முழுக்க ஆட்கள் நின்றார்கள். றியாஸ் உயிர்காப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு ஆயத்தமாக நின்றான்.

நான் சிறிலைக் கூப்பிட்டேன்.

அதே சிறில்தான். நம்மோடு வந்த வலைத் தகராறுக்குப் பிறகு கடலில் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் சிறில். அவன் மனைவியின் ஊர் எலுவன்குளம். அந்த ஆறும் அதன் குணமும் அவனுக்குத் தெரியும்.

"என்னையா கூப்பிடுறீங்க, நஸார் நானா? நான் உங்கட சொல் கேக்கிற ஆள் இல்ல."

"தெரியும். ஏறு."

கூரையில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணும் இருப்பதாகச் சொன்னார்கள். அதனால் மூன்றாவது ஆளாக எங்கள் ஊர் மிட்வைஃப் பரீதா மிஸ் வந்தார். றியாஸ் அங்கியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தான். தொடரில் இதைக் காட்டவே இல்லையே, மச்சான்? தெரிவானவர்கள் ஏறுவார்கள், கப்பல் கிளம்பும். தெரிவாகாதவன் எப்படி வீட்டுக்குப் போகிறான்?

எலுவன்குளத்தில் படகை இறக்கியதும் கூரை தெரிந்தது. சனம் சாரத்தையும் சேலையையும் வீசிக் காட்டினார்கள். நேராகப் போனால் கிட்டத்தான். எஞ்சினை முடுக்கினேன்.

"நிப்பாட்டுங்க!" என்று கத்தினான் சிறில். "முன்னால தண்ணிக்குக் கீழதான் பாலம் இருக்கு. தண்ணி அதுக்கு மேலால விழுது. படகப் புரட்டிரும்."

"அங்க சனம் சாகப் போகுதுடா!"

"நாங்களும் செத்தா அதுகள எடுக்க யாரு வாற?"

எஞ்சின் பிடியில் இருந்த என் கைக்கு மேல் தன் கையை வைத்து அழுத்தினான். வாயில் வந்தபடி ஏசினேன். அவன் கையை எடுக்கவில்லை. கடைசியில் சுற்றிப் போனோம். தென்னந்தோட்டத்துக்குள் எஞ்சினை அணைத்து, மரத்துக்கு மரம் கயிறு பிடித்து இழுத்து இழுத்துப் போனோம். அந்த நேரம் முழுவதும் கூரை கண்ணுக்குத் தெரியவில்லை. அங்கே இன்னும் ஆட்கள் நிற்கிறார்களா? இவன் சொன்னது உண்மையா? பழைய கோபத்தில் என்னை மறிக்கிறானா? அப்படியும் நினைத்தேன், மச்சான்.

போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் இருந்தார்கள். கர்ப்பிணியை முதலில் ஏற்றினோம். திரும்பத் திரும்பப் போய்வந்ததில் என் கை விறைத்து நடுங்கத் தொடங்கியது. மறைக்கப் பார்த்தேன். பரீதா மிஸ் கண்டுவிட்டார்.

"இனி நீங்க எஞ்சினத் தொடப்படாது நானா. எழும்புங்க."

"எனக்கு ஒன்டுமில்ல மிஸ்."

"ஒன்டுமில்லாத கை இப்படி ஆடாது. எழும்புங்க என்டு சொன்னேன்."

எழும்பினேன். மிச்சப் பயணங்களுக்குச் சிறில்தான் படகை ஓட்டினான். நான் நனைந்த பிள்ளைகளோடு நடுவில் குந்தியிருந்தேன். நீ கண்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

எல்லோரையும் கரை சேர்த்தோம். தண்ணீர் வடிந்த பிறகு சிறில் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினான். நான் நேராகப் போக நினைத்த இடத்தில், பாலத்துக்குக் கீழே, வெள்ளம் புரட்டிய உழவு இயந்திர இழுவைப் பெட்டி ஒன்று தலைகீழாகச் செருகிக் கிடந்தது. ஊரில் எனக்குக் கைகொடுத்தார்கள்.

கெப்டனின் தெரிவு சரியா பிழையா என்பது டீவியில் ஒரு மணித்தியாலத்துக்குள் தெரிந்துவிடும். எனக்கு யார் சொல்வார்கள்? சிறில் ஒருநாள் பிழையான இடத்தில் "வேணாம்" என்று மறித்தால் என்ன செய்வது? அவன் கையைத் தட்டிவிட வேண்டிய நேரம் எது என்று எனக்கு எப்படி விளங்கும்?

இன்னொன்றையும் கேள். அதற்குப் பிறகு றியாஸ் என் படகுக்கு வரவில்லை. தில்லையடியில் மனைவி வீட்டோடு இருக்கிறான். போன வெள்ளி ஜும்ஆத் தொழுகை முடிந்து வரும்போது அவனைப் பிடித்தேன்.

"கூடப்பிறந்த நானாவோட கோவமா?" என்று கேட்டேன்.

"கோவந்தான்" என்றான். "நீங்க சிறில எடுத்தது சரி. எனக்கு ஒரு வார்த்த சொல்லாம எடுத்தது பிழை."

"நீ ஒரு நாளும் எனக்கு மறுத்துச் சொன்னதில்லையேடா. எனக்கு மறிக்கிற ஆள் தேவையா இருந்திச்சு."

அவன் என்னை நேராகப் பார்த்தான். "விளங்காமயா நான் பேசாம இருந்த? எத்தன தரம் வாய்க்குள்ள வந்திச்சு. நீங்க கத்துவீங்க என்டுதான் சொல்லல்ல."

சொல்லிவிட்டுப் போய்விட்டான். நான் வெயிலில் நின்றேன். நான் கத்தினால் நீ சிரிப்பாய், சிறில் திருப்பிக் கத்துவான். சின்ன வயதிலிருந்து என் சத்தத்துக்குப் பயந்து வளர்ந்தவன் என்ன செய்வான்? ஆளைப் பொறுக்குவதைப் பற்றி எவ்வளவோ சொன்னாய், மச்சான். பொறுக்கிய ஆள் வாய் திறக்கும்படி நடந்துகொள்வதைப் பற்றி அந்தத் தொடரில் ஏதும் வந்ததா? நான்தான் கவனிக்கவில்லையா?

குழுவுக்கு இரண்டு படகு. ஒன்றில் என்னோடு சிறில், உன் இடத்தில். மற்றதைப் பொறுப்பெடுக்க றியாஸைத்தான் கேட்கப் போகிறேன். ஏற்பானா, கதவைச் சாத்துவானா, தெரியாது. ஏற்றுக்கொண்டால் இன்னும் பயம். உம்மாவுக்கு நாங்கள் இரண்டே பிள்ளைகள், இரண்டு பேரையும் ஒரே வெள்ளத்துக்கு அனுப்புகிறேனா?

நாளைக் காலை தில்லையடிக்குப் போகிறேன். உனக்கு வாக்குத் தருகிறேன். படகுப் பேச்சை நான் முதலில் எடுக்க மாட்டேன். அவன் மனதில் உள்ளதை எல்லாம் கொட்டி முடிக்கும்வரை, எவ்வளவு சுட்டாலும், குரலை உயர்த்தாமல் கேட்டுக்கொண்டிருப்பேன். அதன் பிறகுதான் கேட்பேன். எங்களுக்காக இறைவனிடம் துஆச் செய்.

உன் தங்கையைக் கட்டியவன்,
உன் நஸார் மச்சான்