சித்தப்பா கேட்ட லிங்க்

கர்த்தருக்குள் அன்பான அம்மாவுக்கு, புனேயிலிருந்து எப்சிபா எழுதுவது. முட்டுவலி குறைந்ததா? நான் சுகம்.

மனநல டாக்டரைப் பார்க்க நான்கு மாதம் காத்திருந்தேனே, அப்போது ஆன்லைனில் என்னைத் தாங்கிய குழுவில் இப்போது நானே மற்றவர்களிடம் பேசுகிறேன். அந்த நாட்களில் குற்றாலத்துக் கல்யாண வீட்டில் என்னைப் பைத்தியம் என்று சொல்லிச் சிரித்த ஸ்டான்லி சித்தப்பா நேற்று போன் செய்தார். மகள் ஜாய்க்கு டாக்டரைப் பார்க்க இரண்டு மாதமாகுமாம்.

"ஏட்டி, அந்த குரூப்பு லிங்கை அனுப்புதியா? பிள்ளை சாப்பிடவே மாட்டேங்கா."

"பைத்தியங்க பேசுத எடம் ஒங்களுக்கு எதுக்கு சித்தப்பா?" என்றேன். அழுதுவிட்டார். எனக்கு இனித்தது.

நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்புங்கள். தனியாக உட்கார்ந்தால் சோறு இறங்குவதில்லை. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. நேற்று சித்தப்பா போனை வைத்ததுமே ஜாயைக் கூப்பிட்டுக் குழுவில் சேர்த்துவிட்டேன். சித்தப்பாவிடம் மட்டும் சொல்லாதீர்கள். இன்னும் இரண்டு நாள் கெஞ்சட்டும்.

உங்கள் மகள்,
எப்சிபா